பழைய ஹாப்பை மாற்றும்போது அளவில் தவறாமல் இருக்க: கல் துளை முதல் சிம்னி வரை முழுமையான வழிகாட்டி

சமையல் மேடைக் கல்லில் துளையிட்டு, அதற்குள் பதித்து வைக்கும் கேஸ் அடுப்புதான் ஹாப். அதன் பெட்டியின்மேல் '60 செ.மீ.' என்று போட்டிருக்கும். கண்ணாடியை அளந்தால் 590 மி.மீ. வரும். அதற்குக் கல்லில் வேண்டிய துளை 560 மி.மீ. கல் வேலை செய்பவர் அதையே 'ரெண்டடி அடுப்பு' என்பார். ஒரே பொருளுக்கு இத்தனை எண்கள் இருந்தால் குழப்பம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் பெரும்பாலோர் தவறுவது எண்ணில் அல்ல, வரிசையில். ஹாப்பை வாங்கி வந்த பிறகு துளையை அளக்கிறார்கள். அது பொருந்தாதபோது கல்லை வெட்டச் சொல்கிறார்கள். பதித்து முடித்த கிரானைட்டை இரண்டாம் முறை வெட்டுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். முதலில் துளை, அடுத்து ஹாப், வேறு வழியே இல்லையென்றால் கடைசியில் கட்டிங் மெஷின். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

- மி.மீ. குறியிட்ட இரும்பு டேப். தையல் டேப் வேண்டாம், நாளாக நாளாக அது நீண்டுவிடும்.
- மூலைமட்டம், சிறிய ரசமட்டம்.
- இரண்டு நேரான குச்சிகள். பிளைவுட் பீடிங் துண்டு போதும்.
- டார்ச், மார்க்கர், மாஸ்கிங் டேப், பெரிய அட்டை ஒன்று.
- நீங்கள் அன்றாடம் புழங்கும் பாத்திரங்களில் பெரியவை மூன்று. இவை எதற்கென்று 7-ஆம் படியில் வரும்.
- பழைய ஹாப்பின் கையேடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஹாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும்.

டேப் முனையிலுள்ள கொக்கி கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். பழுது என்று நினைத்து அதைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். வெளி விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், உள்சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வரவேண்டும் என்றுதான் அப்படி ஆடவிட்டிருக்கிறார்கள். கீழே விழுந்து கொக்கி வளைந்த டேப் என்றால் 100 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்கி அளந்து, வந்த எண்ணில் 100-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த எண் எதைச் சொல்கிறது

ஹாப்பில் நான்கு அளவுகள் உண்டு. கல்லோடு சம்பந்தப்பட்டவை அவற்றில் மூன்று.

*பெயரளவு.* 60, 75, 78, 90 செ.மீ. என்று விளம்பரத்தில் வருவது. இது கண்ணாடியின் அகலத்தைத் தோராயமாகச் சொல்லும். இதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

*கண்ணாடி அளவு.* மேலே கண்ணுக்குத் தெரியும் பரப்பு. துளையை மூடுவதும், சுவரிலும் ஜன்னல் சட்டத்திலும் இடிப்பதும் இதுதான்.

*கட்-அவுட் அளவு.* கல்லில் இருக்க வேண்டிய துளை. ஹாப் வாங்குவதை முடிவு செய்யும் எண் இது ஒன்றே.

*அடிப்பெட்டி அளவு.* கண்ணாடிக்குக் கீழே தொங்கும் தகரப் பெட்டி. துளைக்குள் இறங்கும் பாகம் என்பதால் இது கட்-அவுட்டைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். இதன் ஆழம்தான் கீழே உள்ள ட்ராயரில் இடிக்கும்.

எல்லா நிறுவனங்களும் ஒரே விகிதத்தில் செய்வதில்லை. 60 செ.மீ. ஹாப்பில் 560 × 490 துளை பரவலாகக் கிடைக்கும். 75, 78 செ.மீ. வகையில்தான் சிக்கல் அதிகம். சில மாடல்களில் கண்ணாடி மட்டும் அகலமாகி, துளை அதே 560-ல் நிற்கும். வேறு சில மாடல்களில் துளையும் சேர்ந்து 650-ஐத் தாண்டிவிடும். எனவே 'பழையதும் 78, புதியதும் 78' என்பதை நம்பி வாங்கினால் ஒன்று துளை போதாது, அல்லது துளை பெரிதாகி ஹாப் உள்ளே ஆடும்.

ஆன்லைன் பக்கங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 'அளவு' என்று போட்டிருப்பது பல நேரம் அட்டைப்பெட்டியின் அளவாக இருக்கும். மூன்று எண்களில் எது அகலம், எது முன்பின் ஆழம், எது உயரம் என்பதும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். கையேட்டில் அம்புக்குறியோடு வரைந்த படம் இருக்கும். அதில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. நூல், இஞ்ச், செ.மீ., மி.மீ.: எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள்

ஹாப் கையேடு மி.மீ.யில் பேசும். கடைக்காரர் செ.மீ.யில் சொல்வார். கல் வேலைக்காரரும் ஆசாரியும் இஞ்சும் நூலும்தான் சொல்வார்கள். கணக்கு இதுதான்:

- 1 இஞ்ச் = 25.4 மி.மீ.
- 8 நூல் = 1 இஞ்ச். எனவே 1 நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ.
- 2 அடி = 609.6 மி.மீ. இது 60 செ.மீ. ஆகாது.
- 3 அடி = 914.4 மி.மீ. இதுவும் 90 செ.மீ. ஆகாது.

கட்-அவுட்டில் அடிக்கடி வரும் எண்களையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். 560 மி.மீ. என்பது 22 இஞ்சுக்கு மேல் 1 மி.மீ. சொச்சம். 480 மி.மீ. என்பது 18 இஞ்ச் 7 நூலுக்குச் சற்று மேல். 490 மி.மீ. என்பது 19 இஞ்ச் 2 நூலுக்கு மேல் 1 மி.மீ.

துண்டுச் சீட்டில் '22.7' என்று எழுதிக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எழுதியவர் நினைத்தது 22 இஞ்ச் 7 நூல், அதாவது 581 மி.மீ. வாசித்தவர் கால்குலேட்டரில் 22.7-ஐப் பெருக்கினால் 576.6 வரும். இடையில் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். ஹாப் இறங்குமா இறங்காதா என்பதை முடிவு செய்ய அது தாராளமாகப் போதும்.

ஆகவே வீட்டில் அளப்பதையும் சீட்டில் எழுதுவதையும் மி.மீ.யிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல் வேலைக்காரரிடம் பேசும்போது மட்டும் இஞ்சும் நூலுமாக மாற்றிச் சொல்லி, அவருடைய டேப்பில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருவர் டேப்பையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நீட்டி ஒத்துப்பார்ப்பதும் நல்லது.

4. பழைய ஹாப்பைப் பாதுகாப்பாக எடுப்பது

கண்ணாடியின் மேலிருந்து துளையை அளக்க முடியாது. கண்ணாடி நான்கு பக்கமும் துளையைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. ஒன்று ஹாப்பை எடுக்க வேண்டும், அல்லது கீழே அலமாரியைக் காலி செய்து அடியிலிருந்து அளக்க வேண்டும். எடுத்து அளப்பதே நம்பகமானது.

ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஒரு பர்னரைப் பற்றவைத்து டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து அணையும்வரை காத்திருங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போடுங்கள். பிளக் உள்ள ஹாப் என்றால் அதையும் உருவிவிடுங்கள். செம்புக் குழாயோ இரும்புக் குழாயோ போட்டிருந்தால் அந்த இணைப்பைக் கழற்றுவதைக் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அடியில் இருக்கும் கிளாம்ப்புகளை அவிழுங்கள். கண்ணாடியின் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பவே கூடாது. ஹாப்பில் இருப்பது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி. அது நடுவில் தாங்கும் அடியை ஓரத்தில் தாங்காது. விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டாலே முழுவதும் பொடிப்பொடியாகிவிடும். ஒருவர் கீழிருந்து அடிப்பெட்டியை உள்ளங்கையால் தள்ள, இன்னொருவர் மேலே பிடித்துத் தூக்க வேண்டும். சிலிகான் போட்டு ஒட்டியிருந்தால் நைலான் நரம்பைக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே நுழைத்து, இரு முனையையும் பிடித்து அறுப்பதுபோல இழுத்தால் ஒட்டு விட்டுக்கொடுக்கும்.

5. துளையை அளப்பது

அளப்பதற்கு முன் துளையின் ஓரங்களைச் சுத்தம் செய்யுங்கள். பழைய ஃபோம், காய்ந்த சிலிகான், சிமென்ட் கட்டி எதுவும் இருக்கக் கூடாது. 3 மி.மீ. அழுக்கையும் சேர்த்துத் துளை என்று எழுதிவிட்டால் எல்லாக் கணக்கும் தவறிப்போகும்.

அகலத்தை மூன்று இடத்தில் எடுங்கள்: முன்புறம், நடு, பின்புறம். ஆழத்தையும் இடம், நடு, வலம் என மூன்று இடத்தில். கை மெஷினால் வெட்டிய துளை எங்கேயாவது குறுகியிருக்கும். ஹாப் இறங்குமா என்பதைச் சொல்வது மிகச் சிறிய எண். கண்ணாடி மூடுமா என்பதைச் சொல்வது மிகப் பெரிய எண். இரண்டையும் தனித்தனியே வட்டமிட்டு வையுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அகலம் முன்னால் 561, நடுவில் 563, பின்னால் 558. புதிய ஹாப்புக்கு 560 வேண்டும். சராசரி எடுத்தால் 560-க்கு மேல் வருகிறது, ஆனால் பின்புறம் 2 மி.மீ. தேய்க்காமல் ஹாப் இறங்காமல் போகலாம். மூடுவதில் கவலையில்லை: கண்ணாடி 590, துளையின் மிகப் பெரிய அகலம் 563, பக்கத்துக்கு 13 மி.மீ.க்கு மேல் மிஞ்சுகிறது.

உள் அளவை டேப்பை வளைத்து எடுத்தால் மூலையில் 2, 3 மி.மீ. தப்பும். அதற்குத்தான் இரண்டு குச்சிகள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை இடப்பக்க ஓரத்திலும் மற்றதை வலப்பக்க ஓரத்திலும் முட்டும்வரை விரியுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வெளியே எடுத்து, கோடு சேரும்படி வைத்து முழு நீளத்தை அளங்கள். சாதாரண டேப்பில் கிடைக்காத துல்லியம் இதில் கிடைக்கும்.

அடுத்து மூலைவிட்டங்கள் இரண்டு. 560 × 490 துளைக்கு இரண்டும் ஏறக்குறைய 744 மி.மீ. வரவேண்டும். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் துளை கோணலாக இருக்கிறது. அகலமும் ஆழமும் சரியாக இருந்தும் ஹாப் ஒரு மூலையில் இடித்து நிற்பது இதனால்தான்.

மூலைகளின் வளைவையும் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தை மூலையில் படுக்கவைத்து இரு பக்கமும் தள்ளுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. இரண்டு ஓரத்தையும் நாணயம் தொட்டால் வளைவின் ஆரம் 13 மி.மீ. அளவுக்குள் இருக்கிறது என்று பொருள். எங்காவது இடைவெளி தெரிந்தால் வளைவு அதைவிடப் பெரிது. கையேட்டில் மூலை ஆரம் கொடுத்திருப்பார்கள், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கல்லின் மேல்பரப்பில் எடுத்த அளவுகளைக் கீழ்ப்பரப்பிலும் ஒருமுறை எடுங்கள். மெஷின் சாய்ந்து வெட்டியிருந்தால் மேலே 560 இருக்கும் துளை கீழே 555 ஆகியிருக்கும்.

6. துளையைச் சுற்றியும் அடியிலும்

*முன்னும் பின்னும்.* சமையல் மேடை பெரும்பாலும் 2 அடி கல்லில் போட்டிருப்பார்கள். சுவர் டைல் அதன்மேல் வந்து உட்கார்ந்த பிறகு கண்ணுக்குத் தெரிவது 600-க்குப் பக்கம் வரும். எனவே டைலின் முகத்திலிருந்து அளங்கள். 600 ஆழத்தில் 490 துளை போனால் மிஞ்சுவது 110. பின்னால் 50, முன்னால் 60 என்று பிரித்தால் பெரும்பாலான கையேடுகளுக்குப் பொருந்தும். துளைக்கு முன்னால் மிஞ்சும் கல்லான முன்பட்டை 50-க்குக் கீழே போனால் அந்தக் கல் கீற்று ஒரு கனமான குக்கரை வேகமாக வைத்தாலே விரிசல் விடலாம். முன்விளிம்பை உருட்டி பாலிஷ் போட்டிருந்தால் தட்டையான பகுதி இன்னும் குறையும்.

*பக்கவாட்டில்.* ஹாப்பின் பக்கத்தில் சுவரோ, உயரமான அலமாரியோ, ஃபிரிட்ஜோ இருந்தால் கண்ணாடி விளிம்பிலிருந்து அதுவரை எவ்வளவு என்று குறியுங்கள். பழைய ஹாப் 60, புதியது அதே துளையில் உட்காரும் 78 என்றால் பக்கத்துக்கு 90 மி.மீ. கூடுதலாக நீளும். துளை பொருந்திவிட்டது என்ற மகிழ்ச்சியில் இதைப் பலர் பார்ப்பதில்லை. பிறகு ஓர பர்னரில் வைத்த வாணலியின் காது சுவரில் இடிக்கும்.

*அடியில்.* டார்ச் அடித்து மூன்றைப் பாருங்கள். முதலாவது, மேடையைத் தாங்கும் கடப்பா கல் தடுப்போ செங்கல் சுவரோ துளையின் ஓரத்திலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது? துளையை அகலப்படுத்தும் யோசனை இருந்தால் இதுதான் முதல் கேள்வி. மேலே கல்லை வெட்டிவிட்டு, ஹாப்பை இறக்கும்போது அடிப்பெட்டி தடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, கல்லின் மேல்பரப்பிலிருந்து ட்ராயரின் உச்சிவரை எத்தனை மி.மீ.? அதோடு அடிப்பெட்டியின் ஆழத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது. கேஸ் நுழையும் முனையும் அதில் மாட்டும் வளைவும் பெட்டிக்கும் கீழே இறங்கும். அந்த உயரத்தையும், டியூப் மடங்காமல் திரும்பத் தேவையான இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் மேல் ட்ராயரைக் கழற்றி, வெறும் முகப்பலகையாக மாற்றிவிடுவது சுலபமான வழி.

மூன்றாவது, காற்றோட்டம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, அலமாரியின் தரையில் தேங்கும். கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்து அதையும் போட்டுவிடுங்கள். மேலே மட்டும் துளை போட்டுப் பயனில்லை.

7. பர்னர்களுக்கு நடுவே உள்ள தூரம்

துளை பொருந்தும் ஹாப்களில் எதை எடுப்பது என்பதைப் பாத்திரம்தான் சொல்ல வேண்டும், பர்னர் எண்ணிக்கை அல்ல. 60 செ.மீ.யில் நான்கு பர்னர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இட்லிக் குண்டானை வைத்ததும் பக்கத்து பர்னர் அதற்கு அடியில் மறைந்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பர்னர் வீண்.

கணக்கு எளிது. இரண்டு பாத்திரங்களின் விட்டத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, 20 மி.மீ. இடைவெளி சேருங்கள். 280 மி.மீ. இட்லிக் குண்டானும் 240 மி.மீ. குக்கரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, பர்னர் மையத்திலிருந்து மையத்துக்கு 280 மி.மீ. வேண்டும். விட்டத்தைப் பாத்திரத்தின் அகன்ற இடத்தில் எடுக்க வேண்டும், அடியில் அல்ல. கடையில் டேப்பை எடுத்து பர்னர்களின் நடுவே வைத்து அளந்துவிடுங்கள். எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள்.

பின்சுவருக்கும் இதே கணக்கு உண்டு. பின் பர்னரின் மையத்திலிருந்து கண்ணாடியின் பின்விளிம்பு 130, விளிம்பிலிருந்து சுவர் 35, மொத்தம் 165. அங்கே 320 மி.மீ. வாணலி வைத்தால் அதன் பாதி 160. சுவருக்கு 5 மி.மீ.தான் மிச்சம். டைல் கறுக்கும், சூட்டில் டைல் இணைப்பும் உதிரும். பெரிய பாத்திரத்துக்கான பர்னர் முன்னாலோ பக்கத்திலோ இருக்கும் மாடலே நம் சமையலுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. தோசைக்கல் பின்னால் போனால் கையும் எட்டாது.

8. துளை பொருந்தாவிட்டால்

*துளை சற்றே சிறியது (5 மி.மீ.க்குள்).* கிரைண்டிங் வீலால் ஓரத்தைத் தேய்த்தே சரிசெய்யலாம், வெட்ட வேண்டியதில்லை. மேலும் கீழும் ஒரே அளவாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

*துளை மிகச் சிறியது.* கல்லை வெட்டியாக வேண்டும். அதற்குமுன் 6-ஆம் படியில் எடுத்த முன்பட்டை, அடித் தடுப்பு எண்களைப் பாருங்கள். அவை இடம் கொடுக்காவிட்டால் மாடலை மாற்றுங்கள், கல்லைத் தொடாதீர்கள்.

*துளை பெரியது.* கண்ணாடி நான்கு பக்கமும் கல்லின்மேல் குறைந்தது 10 மி.மீ. உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் துளையின் ஓரத்தில் அதே நிறக் கிரானைட் பட்டை ஒட்டி, அடியில் இரும்பு ஆங்கிள் தாங்கல் கொடுத்துத் துளையைச் சுருக்கலாம். மரக்கட்டையைச் சொருகுவதும், வெறும் சிலிகானை நிரப்பி அதன்மேல் கண்ணாடியை உட்காரவைப்பதும் வேண்டாம். மரம் சூட்டில் சுருங்கும், சிலிகான் பாரம் தாங்காது.

*எதுவுமே ஒத்துவரவில்லை.* துளையின்மேல் முழுக் கல் பலகை ஒன்று போட்டு மூடி, கால் வைத்த சாதாரண அடுப்பை வைப்பது தோல்வியல்ல. வாடகை வீட்டில் பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் அப்போது அடுப்பின் உயரம் கூடும். அதன் விளைவு சிம்னியில் தெரியும்.

9. சிம்னியை மறுபடி அளப்பது

ஹாப்பை மாற்றும்போது சிம்னியைத் தொடவே இல்லை என்றாலும் அதன் தூரம் மாறிவிடுகிறது. கால் வைத்த அடுப்பில் பாத்திரம் உட்காரும் மட்டம் மேடையிலிருந்து 150 மி.மீ. அருகே இருக்கும். ஹாப்பில் அது 50, 60 மி.மீ.தான். அடுப்பிலிருந்து ஹாப்புக்கு மாறினால் சிம்னி ஏறக்குறைய 90 மி.மீ. தள்ளிப்போகிறது. 700-ல் பொருத்திய சிம்னி 790-க்குப் போய்விடும், தாளிக்கும் புகை பக்கவாட்டில் தப்பும்.

எதிர்த்திசையில் மாறினால் சிம்னி நெருங்கிவிடும். எண்ணெய் படிந்த ஃபில்டருக்குப் பக்கத்தில் தீ வருவது ஆபத்து. பொதுவாகக் கையேடுகள் 650 முதல் 750 மி.மீ. வரை சொல்கின்றன. எங்கிருந்து அளக்க வேண்டும், பாத்திரத் தாங்கியிலிருந்தா மேடையிலிருந்தா என்பதை உங்கள் சிம்னியின் படத்தில் பாருங்கள்.

அகலத்தில், சிம்னி ஹாப்பைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். 60 சிம்னிக்குக் கீழே 78 ஹாப் வைத்தால் ஓர பர்னர்களின் புகை சிம்னிக்குள் போகாது. சிம்னியையும் மாற்றுவதாக இருந்தால் மேல் அலமாரிகளுக்கு நடுவே உள்ள இடத்தை மேலும் கீழும் அளங்கள். 90 செ.மீ. சிம்னி 3 அடி இடைவெளியில் தாராளமாக உட்காரும், ஆனால் 900 மி.மீ. இடைவெளியில் லேமினேட் ஓரம் உரசும். குழாய் 6 இஞ்ச் கேட்கும் சிம்னிக்குச் சுவரில் 4 இஞ்ச் ஓட்டை இருந்தால் குறுக்கிப் போடாமல் ஓட்டையைப் பெரிதாக்குங்கள். குறுக்கினால் சத்தம் கூடும், இழுவை குறையும்.

10. வாங்கும்போது

கடையில் 'இந்த மாடலின் கட்-அவுட் படத்தைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். வாய்வார்த்தை அளவை ஏற்காதீர்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்துப்பாருங்கள், ஒரு எழுத்து மாறினால் அளவும் மாறலாம். உங்கள் துளையின் அளவுக்கு வெட்டிய அட்டையைக் கையோடு கொண்டுபோய், காட்சிக்கு வைத்திருக்கும் ஹாப்பின் அடிப்பெட்டியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு.

எல்.பி.ஜி.யா, குழாய் எரிவாயுவான பி.என்.ஜி.யா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பர்னருக்குள் கேஸை விடும் ஜெட்டின் துளை இரண்டுக்கும் வேறு. கேஸ் நுழையும் முனை இடதா வலதா என்பதையும் பாருங்கள். சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வந்தால் டியூப் சூடான அடிப்பெட்டியைக் கடந்து போக வேண்டியதில்லை.

ஹாப் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து, அடிப்பெட்டியை நீங்களே அளந்து படத்தோடு சரிபாருங்கள். கல் வேலைக்காரரை அழைப்பது அதற்குப் பிறகுதான்.

11. கல்லை வெட்ட நேர்ந்தால்

மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள். பளபளக்கும் கிரானைட்டில் நேரடியாகப் போட்ட கோடு தண்ணீர் பட்டதும் அழிந்துவிடும். அளவை ஓரத்திலிருந்து எடுக்காமல், சிம்னியின் நடுக்கோட்டை மேடைக்கு இறக்கி, அங்கிருந்து இரு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். இல்லையென்றால் ஹாப் ஒரு பக்கம் தள்ளி நிற்கும்.

நான்கு மூலையிலும் முதலில் டிரில்லால் துளை போடச் சொல்லுங்கள். வட்டக் கத்தி மூலையில் நிற்காமல் கோட்டைத் தாண்டிக் கீறும். அந்தக் கீறலிலிருந்துதான் பின்னாளில் விரிசல் ஓடும். துளை இருந்தால் கத்தி அங்கேயே முடிந்துவிடும். வெட்டும் முன் முன்பட்டைக்கு அடியில் முட்டு கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும். கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். கூடுதலாக வெட்டிய கல்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

12. பொருத்தி முடிப்பது

ஹாப்போடு வரும் ஃபோம் பட்டையைக் கண்ணாடியின் அடி ஓரத்தில் ஒட்டி, துளையில் இறக்கி, நான்கு பக்கமும் கண்ணாடி கல்லின்மேல் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். ரசமட்டத்தை இரு திசையிலும் வையுங்கள். சரிவு இருந்தால் தோசை மாவு ஒரு பக்கமாக ஓடும், எண்ணெயும் ஒரு ஓரத்தில் ஒதுங்கும். கிளாம்ப்பைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் திருப்பு போதும். பலமாக முறுக்கினால் கண்ணாடியில் அழுத்தம் ஏறி, சூடாகும் நாளில் வெடிக்கலாம்.

சுரக்ஷா டியூப் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம், இடையில் ஒட்டும் வேண்டாம். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டிலிருந்து ஐந்தாண்டு கடந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். இணைத்ததும் பர்னர் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கேஸ் வாடை நீடித்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எல்.பி.ஜி. அவசர எண்ணை அழையுங்கள்.

தீ நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக நீண்டால் ஜெட்டோ காற்று நுழைவாயோ சரியில்லை, மெக்கானிக் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கீழ் அலமாரிக் கதவின் உட்பக்கம் துளையின் அகலம், ஆழம், மூலை ஆரம், முன்பட்டை ஆகியவற்றை மி.மீ.யில் தேதியோடு எழுதிவிடுங்கள். அடுத்தமுறை மாற்றுகிறவர் ஹாப்பைத் தூக்காமலே கடைக்குப் போகலாம்.